பிளஸ் டூ முதல் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு வரை: இயற்பியலைத் தேடிப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்பியலில் ஆர்வம் இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை எனச் சொல்லும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்வி: பள்ளியில் யாரும் சொல்லாமல், நீங்களாக எதையாவது கடைசியாக அளந்து பார்த்தது எப்போது? பெரும்பாலோர் யோசிக்கிறார்கள். கருந்துளைகளைப் பற்றியும் குவாண்டம் பின்னலைப் பற்றியும் மணிக்கணக்கில் காணொளி பார்த்திருக்கிறார்கள். ஆனால் தம் கையால் ஓர் எண்ணைக் கண்டுபிடித்து, அது சரியா தவறா என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பியதில்லை. இந்த வழிகாட்டி அந்தக் குழப்பத்தை நோக்கியே எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர் முதல் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருப்பவர் வரை, கையில் அதிகப் பணமும் அருகில் பெரிய நிறுவனமும் இல்லாதவர்களை மனத்தில் வைத்து, எதற்குப் பின் எதைச் செய்யலாம் என்ற வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் படி: வீட்டில் ஓர் ஊசலைத் தொங்கவிடுங்கள்

தனி ஊசல் பாடநூலில் இருக்கிறது, செய்முறைத் தேர்விலும் இருக்கிறது. அதனாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டு அல்லது ஒரு பெரிய இரும்பு நட், நைலான் நூல், தையல் டேப், கைப்பேசியிலுள்ள ஸ்டாப்வாட்ச் ஆகியவை போதும். உத்தரத்துக் கொக்கியிலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை சரியாக 1 மீட்டர் வருமாறு நூலைக் கட்டி, ஒரு சாண் தூரத்துக்கும் குறைவாக இழுத்துவிட்டு, 20 அலைவுகளுக்கான நேரத்தைக் குறியுங்கள். ஏறக்குறைய 40.2 விநாடி வர வேண்டும். அதிலிருந்து கணக்கிட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9.78க்கு அருகில் நிற்கும். நம் ஊர்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், பாடநூலில் மனப்பாடம் செய்யும் 9.8ஐவிட இங்கு உண்மையான மதிப்பு சற்றே குறைவு.

முதல் முறை செய்பவர்களில் பலருக்கு 10.8 வரும். நூலையோ கடிகாரத்தையோ குறை சொல்ல வேண்டாம். குண்டை விட்ட கணத்தில் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். அந்தக் கணத்தில் "பூஜ்யம்" என்று சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து தொடங்கினால் நீங்கள் எண்ணிய இருபது உண்மையில் பத்தொன்பது. விடை தவறும்போது, எவ்வளவு தவறியது என்பதிலிருந்தே எங்கே தவறியது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பத்தொன்பதுதான்.

அடுத்து, ஏன் 20 அலைவுகள் என்று கேளுங்கள். பொத்தானை அழுத்தும் நம் விரலில் 0.2 விநாடி அளவுக்குப் பிழை நேரும் என வைத்துக்கொண்டால், ஒரே ஓர் அலைவை அளப்பவருக்கு அது 2 விநாடியில் 0.2, அதாவது பத்து விழுக்காடு. அலைவு நேரம் வர்க்கத்தில் வருவதால் ஈர்ப்பு முடுக்கத்தில் இருபது விழுக்காடு. விடை 8 என்றும் வரலாம், 12 என்றும் வரலாம். இருபது அலைவை அளப்பவருக்கு அதே விரல், அதே பிழை, ஆனால் 40 விநாடியில் 0.2 மட்டுமே, விடையில் ஒரு விழுக்காடு. செய்முறைத் தேர்வில் "20 அலைவுகளுக்கான நேரம்" என்று அட்டவணையில் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுதான்.

இனிப் பாடநூலைத் தாண்டும் பகுதி. அலைவு நேரம் வீச்சைச் சார்ந்ததில்லை என்று படித்திருப்பீர்கள், சிறு கோணங்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையுடன். அந்த நிபந்தனையைச் சோதியுங்கள். 5 பாகையில் விட்டால் பத்து அலைவுக்கு 20.1 விநாடி, 40 பாகையில் விட்டால் ஏறக்குறைய 20.7 விநாடி. இந்த 0.6 விநாடி உங்கள் விரலின் பிழையைவிடப் பெரியது, ஆகவே அது உண்மையான விளைவு. அலைவதற்குள் வீச்சு குறைந்துகொண்டே வருவதால் அளந்த வேறுபாடு கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அதற்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பது உங்கள் வேலை. இந்த ஊசலை அவிழ்த்துவிட வேண்டாம், பின்னால் இரண்டு முறை தேவைப்படும்.

இரண்டாம் படி: பரணில் கிடக்கும் சிடியும் பையில் இருக்கும் கைப்பேசியும்

பழைய சிடி ஒன்றை எடுத்து, கடையில் கிடைக்கும் சிவப்பு லேசர் பாயின்டரை அதன்மேல் அடியுங்கள். சிடியின் சுருள் தடங்களுக்கு இடையேயான தூரம் 1.6 மைக்ரோமீட்டர், ஆகவே அது தானாகவே ஒரு கீற்றணி. ஓர் அட்டையில் சிறு துளையிட்டு, லேசர் அதன் வழியாகச் சென்று 30 சென்டிமீட்டருக்கு அப்பாலுள்ள சிடியில் பட்டு, நடுப்புள்ளி அதே துளைக்கே திரும்பி வரும்படி சரிசெய்தால், ஒளி செங்குத்தாக விழுகிறது என்று பொருள். அப்போது துளையிலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு சிவப்புப் புள்ளிகள் அட்டையில் தெரியும். அந்தத் தூரத்தை அளந்து, கோணத்தின் சைன் மதிப்பைக் கண்டு, 1.6ஆல் பெருக்கினால் ஒளியின் அலைநீளம் 0.65 மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். பள்ளி அளவுகோலால் ஒளியின் அலைநீளத்தை அளந்துவிட்டீர்கள். சிடிக்குப் பதில் டிவிடி வைத்தால் தடங்கள் 0.74 மைக்ரோமீட்டராக நெருங்கிவிடுவதால் புள்ளிகள் அரை மீட்டருக்கும் மேல் விலகி ஓடும். ஒரே வட்டில் இத்தனை மடங்கு அதிகத் தகவல் எப்படி அடங்கியது என்பதற்கான காரணம் கண்ணெதிரே விரியும். லேசர் கண்ணில் நேராகவோ, சிடியிலோ ஜன்னல் கண்ணாடியிலோ பட்டுத் திரும்பியோ விழக் கூடாது. தம்பி தங்கைகளை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

கைப்பேசியில் முடுக்கமானி, காந்தப்புலமானி, ஒலிவாங்கி எல்லாம் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அவற்றை அளவுகருவிகளாக மாற்றித் தருகிறது. இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, செயலியிலுள்ள ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச்சை இரண்டிலும் திறந்து, முதல் கைப்பேசிக்கு அருகில் ஒரு முறையும் இரண்டாவதற்கு அருகில் ஒரு முறையும் கை தட்டினால், இரண்டும் காட்டும் நேரங்களுக்கிடையே 0.029 விநாடி அளவுக்கு வித்தியாசம் இருக்கும். ஒலி இருமுறை அந்த 5 மீட்டரைக் கடந்த நேரம் அது. 10 மீட்டரை அதனால் வகுத்தால் ஒலியின் வேகம். சித்திரை மாத மதியத்திலும் மார்கழி விடியற்காலையிலும் செய்து பாருங்கள். ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் கூடுவதை உங்கள் கருவியால் பிரித்தறிய முடிகிறதா என்பது நல்ல கேள்வி. முடியாது என்பது விடையாக இருந்தால், இடைவெளியை எத்தனை மீட்டராக்கினால் முடியும் என்று கணக்கிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, என்ன செய்தேன், என்ன வந்தது, ஏன் சந்தேகம் என்ற அளவில் எழுதினால் போதும். தவறான அளவீட்டை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.

மூன்றாம் படி: பிளஸ் டூவில், நீட்டுக்கும் ஜேஇஇக்கும் நடுவே

இந்த ஆண்டில் நேரம் கிடையாது என்பது உண்மை; வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு மணி நேரத்தை ஒலிம்பியாட் கணக்குகளுக்குக் கொடுங்கள். இந்திய இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம் நடத்தும் முதல் கட்டத் தேர்வு வழக்கமாக நவம்பரில் நடைபெறும். அதற்கான பதிவு சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் ஆடி மாதத்திலேயே பள்ளியில் கேட்டுவைக்க வேண்டும். அதில் தேறியவர்களுக்கு மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இரண்டாம் கட்டத் தேர்வை நடத்துகிறது. தேர்வு எழுதுகிறீர்களோ இல்லையோ, அந்த இரண்டாம் கட்டத் தேர்வின் பழைய வினாத்தாள்களும் விடைகளும் மையத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. பயிற்சி மையத்துக் கணக்கு ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கும். இந்தக் கணக்குகள் ஒரு வாரம் உங்களோடு பேருந்தில் வரும். பதினைந்து நாளுக்கு ஒரு கணக்கு எடுத்துக்கொண்டு, குறைந்தது மூன்று நாளுக்கு விடைப் பக்கத்தைத் திறக்காமல் இருங்கள்.

தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு இங்கேயே ஒரு வேலை இருக்கிறது. கல்லூரிக்குள் நுழைந்த முதல் மாதத்தில் பாடம் கடினமாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் சொற்கள். நிலைமத் திருப்புத்திறனை நன்றாகவே அறிந்த பெண், கரும்பலகையில் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று எழுதப்பட்டதும் புதிதாக ஏதோ வந்துவிட்டதாக நினைத்துப் பேனாவைக் கீழே வைத்ததை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே அத்தியாயத்தை இரண்டிலும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்து, உங்களுக்கென்று ஒரு சொற்பட்டியல் தயாரியுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனையாக்கங்களில் பல தமிழிலும் உள்ளன. மொழியை மாற்றி மாற்றி இயக்கினால் சொற்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் படி: தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை

வாழ்க்கையில் இனி இப்படி மூன்று மாதங்கள் கிடைக்காது. முதல் வேலை கணிதம். வகையிடல், தொகையிடல், வெக்டர், கலப்பெண்கள், எளிய வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவை கைக்கு வர வேண்டும். சூத்திரம் தெரிந்தால் போதாது, பேனா ஓட வேண்டும். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் விரிவுரைகளில் இவை எல்லாம் இருக்கின்றன. ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்து முடிவு வரை போங்கள். ஐந்து தொடர்களின் முதல் மூன்று விரிவுரைகளைப் பார்த்தவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும்.

இரண்டாவது, பைத்தான். கணினி இல்லாவிட்டாலும் கூகுள் கோலாப் என்ற இணையதளத்தில் கைப்பேசியிலிருந்தே எழுதி இயக்கலாம், கண் வலித்தாலும் முடியும். முதல் நிரலாக உத்தரத்தில் தொங்கும் அந்த ஊசலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோண முடுக்கம் என்பது ஈர்ப்பு முடுக்கத்தை நீளத்தால் வகுத்து, கோணத்தின் சைனால் பெருக்கி, எதிர்க்குறி போட்டது. காலத்தை 0.01 விநாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் பழைய வேகத்தால் கோணத்தையும் பழைய கோணத்திலிருந்து வரும் முடுக்கத்தால் வேகத்தையும் மாற்றிக்கொண்டே போனால் ஊசல் திரையில் ஆடும். சற்று நேரம் கழித்து ஒரு விபரீதம் தெரியும்: 5 பாகையில் விட்ட ஊசல் 20 விநாடியில் 13 பாகைக்கு ஆடிக்கொண்டிருக்கும். யாரும் தள்ளாமல் ஆற்றல் கூடுகிறது. நிரலில் எழுத்துப்பிழை இருக்கிறதென்று ஒரு நாள் முழுக்கத் தேடுவீர்கள், இருக்காது. இந்தக் கணக்கிடும் முறையே ஒவ்வொரு துண்டிலும் துளி ஆற்றலைச் சேர்க்கிறது. வேகத்தை முதலில் மாற்றி, அந்தப் புதிய வேகத்தைக் கொண்டு கோணத்தை மாற்றும்படி இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும், நோய் தீர்ந்துவிடும். ஏன் தீர்கிறது என்பதைத் தாளில் எழுதிக் காட்ட முயலுங்கள். பிறகு 40 பாகைக்கு இயக்கி, முன்பு நீங்கள் அளந்த 20.7 விநாடியோடு ஒப்பிடுங்கள். அளவீடு, சூத்திரம், நிரல் மூன்றும் ஒரே எண்ணில் சந்திக்கும் அந்த மாலையை எளிதில் மறக்க மாட்டீர்கள்.

எங்கே சேருவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏழு, அவற்றில் திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். புவனேஸ்வரத்தில் நைசர், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் என ஆராய்ச்சியை மையமாகக் கொண்ட இடங்கள் உள்ளன. நுழைவுத் தேர்வுகள் வேறு வேறு, ஒன்றுக்காவது எழுதிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் சேருவதில் குறைவொன்றும் இல்லை. கட்டணம் குறைவு, ஆய்வகம் இருக்கும், ஆசிரியருக்கும் உங்களுக்கும் நடுவே வாயிற்காவலர் இருக்க மாட்டார். பிளஸ் டூவில் உங்கள் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுத்தவர்கள், மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மறக்க வேண்டாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைகால ஆய்வுப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்டது.

ஐந்தாம் படி: முதலாண்டு ஆய்வகத்தில் பொய் சொல்லாதீர்கள்

இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். நான் படித்த கல்லூரியில், பிராக்டிகல் வகுப்புக்குப் போகும் முன்பே சீனியரின் ரெக்கார்டு நோட்டு கை மாறி வந்துவிடும். விடை என்னவென்று தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கடைசி இலக்கத்தை மட்டும் அங்கங்கே மாற்றி "ரீடிங் போடுவது" ஒரு கலையாகவே இருந்தது. நானும் போட்டிருக்கிறேன். ஒரு முறை, நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணம் எனக்கு 60 பாகைக்குப் பதில் 59 பாகை 20 நிமிடம் வந்தது. நோட்டில் 60 என்று எழுதினேன். ஆறு மாதம் கழித்து, அந்த முப்பட்டகத்தின் ஒரு முனை தேய்ந்து, உண்மையிலேயே 60க்குக் குறைவு என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சொன்னார். சரியாக அளந்தவன் நான். அதைத் திருத்தியவனும் நானே.

அதே கருவியின் முன் உட்கார்ந்த வேறொரு மாணவரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, ஒளி மிகச் சாய்வாக விழும் நிலையில் விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இல்லை என்பதைச் சி. வி. இராமன் கவனித்தார். அளக்கச் சொன்னது கோணத்தை, கவனித்தது வேறொன்றை. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனிலிருந்து வரும் ஃபிலசாஃபிக்கல் மேகசீனில் வெளியானபோது அவருக்கு வயது 18. இன்றும் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் முதலாண்டில் அதே பரிசோதனை இருக்கிறது, அதே முப்பட்டகம்.

ஆகவே முதலாண்டில் செய்ய வேண்டியது இவ்வளவே. ஒவ்வொரு பரிசோதனையிலும் வந்ததை வந்தபடி எழுதுங்கள். அப்சர்வேஷன் நோட்டின் இடப்பக்கத்தில், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் குறியுங்கள். பருவத்துக்கு ஒரு முறையாவது, அந்தக் கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வகுப்பு நேரம் முடிந்தபின் ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். "சார், எதாவது புராஜெக்ட் கொடுங்க" என்று கேட்டால், பிறகு பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். "சார், முறுக்கு ஊசலில் கம்பி சூடானால் அலைவு நேரம் மாறுமா என்று பார்க்க வேண்டும், இரண்டு மாலைகள் போதும், ஒரு டேபிள் லேம்ப் நானே கொண்டுவருகிறேன்" என்று கேட்டால் மறுப்பது கடினம். சாவி லேப் அசிஸ்டென்ட்டிடம் இருக்கும். அவரிடம் முதல் நாளே மரியாதையாகப் பழகுங்கள், கருவிகளின் குணம் ஆசிரியர்களைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழக இடை முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்ற சிறு பெட்டி உங்கள் துறையின் அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கணினியோடு இணைத்தால் அது ஒரு அலைவுகாட்டி, ஒரு சிறிய ஆய்வகம்.

ஆறாம் படி: சுற்றியுள்ள இடங்களுக்குப் போங்கள்

நம் மாநிலத்தில் இயற்பியல் நடக்கும் இடங்கள் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளை முன்னதாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊட்டிக்குப் போனால் படகு வீட்டோடு திரும்பிவிடாதீர்கள். முத்தொரைக்கு அருகில் 1970இல் முடிக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அதைக் கட்டியவர்கள், வடக்கு தெற்காக ஏறக்குறைய 11 பாகை சரியும் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 பாகைதான். ஆகவே சரிவின்மேல் படுத்திருக்கும் தொலைநோக்கியின் நீளம் பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் அதைத் திருப்பினாலே ஒரு விண்மீன் மண்டலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். சரிவின் எதிரே நின்று அதைப் பார்த்தால், ஒரு மலையையே கருவியின் பாகமாக்கியிருப்பது புரியும். அதே ஊரில் கிரேப்ஸ் 3 என்ற அண்டக்கதிர் ஆய்வுக்களம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று அதன் மேலே கடந்த இடிமேகத்தில், அண்டக்கதிர்களால் உருவாகி வரும் மியூயான் என்ற துகள்களின் எண்ணிக்கை குறைந்ததைக் கொண்டு, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததென்று அங்குள்ளவர்கள் கணக்கிட்டார்கள்.

சென்னையில் இருப்பவர்கள் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பொது விரிவுரைகளுக்குப் போகலாம். முதல் பத்து நிமிடத்துக்குப் பின் ஒன்றும் புரியாது. அது எல்லோருக்கும் நேர்வதே. மூன்று சொற்களை எழுதிக்கொண்டு வந்து, அந்த வாரத்தில் ஒன்றையாவது தெரிந்துகொள்ளுங்கள். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ச் சந்தித்தார். தான் படித்திருந்த அணுக் கொள்கை அதற்குள் பழையதாகிவிட்டது என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. சோமர்ஃபெல்ட் கொடுத்த அச்சுப் படியை வைத்துப் புதிய குவாண்டம் புள்ளியியலைக் கற்று, அடுத்த ஆண்டே இராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். வந்திருப்பவரிடம் போய்க் கேட்பதற்கு இன்றும் தடையொன்றும் இல்லை. விரிவுரை முடிந்ததும் தேநீர் நேரத்தில், அவர் சொன்ன ஒன்றிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள், செல்ஃபி பிறகு.

ஏழாம் படி: இரண்டாம் ஆண்டில் விண்ணப்பங்கள்

ஹோமி பாபா மையத்தின் நியஸ் திட்டம் இளநிலைப் பட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களை மும்பைக்கு அழைத்து, முகாமிலும் நீண்ட ஆய்விலும் ஈடுபடுத்துகிறது. பெங்களூர், தில்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களிலுள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து வழங்கும் கோடைகால ஆய்வு உதவித்தொகையில், இரண்டு மாதம் ஓர் ஆராய்ச்சியாளரிடம் பணியாற்றலாம். கோடையில் நடப்பதற்கு முந்தைய ஆண்டின் இறுதிக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். மே மாதத்தில் விசாரிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இரண்டிலும் தகுதி விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம் பட்ட மாணவர்களுக்கென்றே நடத்தும் தேசியத் தேர்வும் உண்டு. ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்ற இடத்தில் "சிறு வயதிலிருந்தே விண்மீன்கள்மேல் ஆர்வம்" என்று நூறு பேர் எழுதுவார்கள். ஊசல் நிரலில் ஆற்றல் ஏன் கூடியது என்று நீங்கள் நான்கு வரி எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். முதல் நாளிலிருந்து நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னதில் இந்தக் கணக்கும் இருந்தது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளைத் திறக்காமலே கடந்துவிடுங்கள்.

எந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்காத கோடையும் வீண் இல்லை. அந்த அகாடமிகளில் பெங்களூரில் உள்ளது வெளியிடும் ரெசொனன்ஸ், இளநிலை மாணவர் படிக்கும் தரத்தில் எழுதப்படும் இதழ்; 1996 முதல் வந்த எல்லா இதழ்களும் இணையத்தில் இலவசம். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகளில் பதிவான முதல் ஈர்ப்பலையின் தரவையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இரைச்சலை வடிகட்டி, 0.2 விநாடி நீளமுள்ள அந்த அலையை உங்கள் கோலாப் பக்கத்தில் நீங்களே வரைய முடியும். வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று புரியாமல் பிறர் நிரலை ஒட்டி இயக்கினால் படம் மட்டும் கிடைக்கும்.

எட்டாம் படி: மீண்டும் அதே ஊசல், இம்முறை மூன்று மாடி உயரத்தில்

இதை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். 1851இல் பாரிஸ் பாந்தியோனில் லியோன் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, ஊசல் ஆடும் தளம் மெல்லத் திரும்புவதைக் காட்டி, பூமி சுழல்வதை மக்கள் கண்முன் நிறுத்தினார். தளம் திரும்பும் வேகம் மணிக்கு 15 பாகையை அட்சரேகையின் சைனால் பெருக்கினால் கிடைக்கும்: பாரிஸில் 11.3 பாகை, சென்னையில் 3.4, எங்கள் ஊரில் 2.9. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது கடினமான பரிசோதனை.

இரண்டாம் ஆண்டில் நாங்கள் கல்லூரி மாடிப்படிகளுக்கு நடுவேயிருந்த திறந்த இடைவெளியில் 10 மீட்டர் எஃகுக் கம்பியில் 5 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டோம். ஓர் அலைவுக்கு 6.35 விநாடி, அவ்வளவு மெதுவாக ஒரு பொருள் ஆடுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். அரை மீட்டர் இழுத்துக் கையால் விட்டோம். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் தளம் 3 பாகை திரும்பியிருந்தது, திரும்ப வேண்டியதற்கு எதிர்த் திசையில். பூமி பின்னோக்கிச் சுற்றுகிறது என்று ஒருவன் கரும்பலகையில் எழுதினான்.

கை சிறிது பக்கவாட்டில் தள்ளியதால் எடை நேர்க்கோட்டில் ஆடாமல் ஒல்லியான நீள்வட்டத்தில் ஆடியிருக்கிறது. நீள்வட்டத்தில் ஆடும் ஊசல் பூமி சுழலாவிட்டாலும் தானாகத் திரும்பும். எங்கள் அளவுகளைப் போட்டுக் கணக்கிட்டபோது, நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் பக்கவாட்டு விலகலே மணிக்கு 7 பாகைக்கு மேல் திருப்பப் போதுமானது என்று வந்தது. பூமியின் பங்கைவிட அது இரண்டரை மடங்கு. முதல் படியில் பார்த்த அதே விஷயம்தான், பெரிய வீச்சில் அலைவு நேரம் மாறுவதுதான், இங்கே வேறு வேடத்தில் வந்திருந்தது.

ஃபூக்கோ செய்த வழியையே பின்பற்றுங்கள். எடையை இழுத்துப் பருத்தி நூலால் சுவரோடு கட்டி, அரை மணி நேரம் அசைவடங்கக் காத்திருந்து, நூலைத் தீக்குச்சியால் எரித்து விடுவியுங்கள். மின்விசிறிகளை நிறுத்துங்கள், படிக்கட்டுக் கதவைச் சாத்துங்கள், யாரையும் ஏற விடாதீர்கள். தரையில் வெள்ளைத் தாள் ஒட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடை திரும்பும் புள்ளியைப் பென்சிலால் குறியுங்கள். வீச்சு மெல்லச் சுருங்கும் என்பதால் புள்ளிகளை நடுவோடு இணைத்துக் கோணத்தை அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் இரண்டாம் முறை செய்தபோது, ஒரு மணி நேரத்தில் கடிகாரச் சுற்றில் மூன்றரை பாகை வந்தது, ஒரு பாகை கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற குறிப்போடு. நோட்டில் வந்ததை வந்தபடி எழுதினோம்.